நீங்க என்ன ஆளுங்க?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப எல்லாரிடமும் ஏதாவது இருக்கிறது. கம்பளி எடுத்துக்கோ, பருப்புப்பொடி எடுத்துக்கோ, காசைப் பார்த்துச் செலவு பண்ணு. சாதியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கடல் தாண்டினால் அது தொலைந்துபோகும் என்று ஒரு நினைப்பு. நம் பிள்ளையாவது தப்பித்துப் போகிறதே என்ற சந்தோஷத்தில் சேரியிலும் இதே நினைப்புதான்.

என் தங்கச்சி போன வருஷம் லண்டனுக்கு மேற்படிப்புக்குப் போனாள். எங்க காலனியிலிருந்து கடல் தாண்டிய முதல் ஆள். முதல் மூணு நாளும் போனில் ஒரே ஆச்சரியம். "அக்கா, பஸ்ல பக்கத்துல உக்காந்த வெள்ளைக்காரக் கிழவி நான் குடுத்த முறுக்க வாங்கித் தின்னுச்சுக்கா. வீட்டுக்காரம்மா பாஸ்போர்ட்டக் கேட்டுச்சு, வாடகையக் கேட்டுச்சு. நாம என்ன ஆளுங்கன்னு கேக்கவே இல்லக்கா."

இதிலென்ன பெரிய அதிசயம் என்று மற்றவர்களுக்குத் தோன்றலாம். எங்கப்பாவுக்கு வேலை மாற்றலாகி டவுனில் வீடு தேடினபோது, முன்பணம் வரைக்கும் பேசி முடித்த வீடெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இல்லை என்றாகிப் போனது. அந்தக் கேள்வி இல்லாத தெருவில் நடப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

நாலாம் நாள் கேள்வி வந்தது. கேட்டது வெள்ளைக்காரர் இல்லை, அதே வீட்டில் தங்கியிருந்த நம்ம நாட்டுப் பிள்ளைகள். முதலில் ஊரைக் கேட்டார்கள். அப்புறம் அப்பா பேருக்குப் பின்னால் என்ன வரும் என்றார்கள். ஒன்றும் வராது என்றாள். கறி தின்பாயா, என்ன கறி என்றார்கள். மறுநாள் சமையற்கட்டில் அவளுக்கென்று ஒரு சட்டியும் கரண்டியும் தனியாக இருந்தன. "யாரும் திட்டலக்கா. சிரிச்சுக்கிட்டேதான் எடுத்து வெச்சாங்க" என்றாள். அன்றைக்கு அவள் குரலில் பழைய ஊர் வந்துவிட்டது.

எனக்கு அம்பேத்கர் நினைவுக்கு வந்தார். பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913 ஜூலையில் அவர் நியூயார்க் போய் இறங்கினபோது வயது 22. முதலில் தங்கிய விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் இந்திய மாணவர்கள் சிலர் இருந்த இடத்துக்கு மாறினார். பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நாவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு ஒரே அறை. அந்த நட்பு வாழ்நாள் முழுக்க நீடித்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த காலத்தில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே மனசிலிருந்து துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார். தங்க இடமில்லை. பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு பார்சி சத்திரத்தில் தங்கினார். 11ஆம் நாள் காலையில் தடியோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்துகொண்டவரும் பார்சி, பரோடாவில் தடியோடு நின்றவர்களும் பார்சிகள். சாதி யாருடைய ரத்தத்திலும் ஊறிக் கிடப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதைக் காப்பாற்ற ஊர் வேண்டும், ஆள் வேண்டும். இன்றைக்கு அந்த ஊரே விமானம் ஏறிப் போகிறது.

சட்டம் காப்பாற்றுமா? பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் நிறம் இருக்கிறது, இனம் இருக்கிறது. சாதியையும் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் அரசைக் கட்டாயப்படுத்தியது. அரசோ, சேர்க்கப் போவதில்லை, தீர்ப்புகளே போதும் என்று 2018இல் கைவிரித்துவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதுவும் அங்கே இருக்கிற தலித்துகளும் அவர்களோடு நின்றவர்களும் போராடித்தான் நடந்தது.

"நான் என்னக்கா சொல்லட்டும்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"சொல்லணும்னு தோணுச்சுன்னா சத்தமாச் சொல்லு. தோணலன்னா சொல்லாத. எதுக்குக் கேக்கறேன்னு மட்டும் திருப்பிக் கேளு" என்றேன்.

தனியாக வைத்த சட்டியை எடுத்து மற்றச் சட்டிகளோடு சேர்த்து அடுக்கிவிட்டாளாம். யாரும் பேசவில்லை. ஒரு பெண் மட்டும் தனக்குப் புதுச் சட்டி வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவள் வைத்த மாட்டுக்கறிக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

இனிப் போகிற நம் பிள்ளைகளிடம் முன்கூட்டியே இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்குத் தங்கள் போன் நம்பரைக் கொடுத்து வைக்க வேண்டும். அந்த நாலாம் நாள் இரவில் எந்தப் பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாது.