நாளொன்றுக்கு நூறு குறுஞ்செய்தி!

செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். "கடன் வேண்டுமா?", "மனை வேண்டுமா?" என்று நேரங்காலம் இல்லாமல் வந்து விழும் குறுஞ்செய்திகள். இவற்றை நிறுத்த நம் நாட்டில் ஒருமுறை விநோதமான வழி ஒன்றைப் பிடித்தார்கள்.

2007-ல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு வந்தது. அதில் எண்ணைப் பதிந்தும் தொல்லை ஓயவில்லை. சாதாரண சிம் கார்டு வாங்கி அதிலிருந்தே விளம்பரம் அனுப்பினால் யார் கண்டுபிடிப்பது? எனவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகள்தான்!

அப்போது வாட்ஸப் இங்கே பரவவில்லை. மாணவர்களின் அரட்டை முழுக்கக் குறுஞ்செய்திதான். எதிர்ப்பு கிளம்பியது. நவம்பரில் வரம்பை 200 ஆக்கினார்கள். 2012 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், தனிப்பட்ட செய்திகளுக்கு இப்படி வரம்பு வைப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று அதை ரத்து செய்தது.

எங்கள் நல்லூருக்குப் பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். களிமண் கரைசலைச் சல்லடையில் வடிகட்டித்தான் பீங்கான் செய்வார்கள். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் மணலும் சேர்ந்து விழும். ரொம்பச் சிறிதானால் களிமண்ணே இறங்காது. நூறு என்ற கணக்கு இரண்டாவது வகை. யார் அனுப்புகிறார், எதற்கு அனுப்புகிறார் என்று பார்க்காமல் எத்தனை என்று மட்டும் எண்ணியது.

2018-ல் வந்த விதிகள் இதைவிட நல்லவை. மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர் தன் பெயரையும் செய்தியின் வடிவத்தையும் முன்பே பதிய வேண்டும். எந்த விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்பது பெறுகிறவர் விருப்பம். 2025 முதல் அனுப்புநர் பெயரின் கடைசியில் 'பி' இருந்தால் விளம்பரம், 'ஜி' இருந்தால் அரசுச் செய்தி.

ஆனால் இந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கின்றன! என் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நெல் கொள்முதலுக்கு வரச்சொல்லி வந்த செய்தி, இரண்டு கடன் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது. மூன்றையும் ஒன்றாக அழிக்கப் போனவர், "இது என்னனு பாருப்பா" என்று கேட்டதால் தப்பித்தோம். விளம்பரத் தொல்லையின் உண்மையான நஷ்டம் எரிச்சல் அல்ல. வேண்டிய செய்தியையும் படிக்காமல் விட்டுவிடுகிறோம், அதுதான்.

என் கருத்து இதுதான். வாசலைப் பூட்ட வேண்டாம். வருகிறவர் யார் என்று வீட்டுக்காரருக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விளம்பரத் தொல்லை வந்தால் ஏழு நாட்களுக்குள் 1909-க்குப் புகார் செய்யலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கடைசி எழுத்தையும் ஒருமுறை காட்டிக்கொடுங்களேன்!