பலூச்சியர் நெய்த கம்பளம்

பொருள்களைத் தேடித் தொகுத்து வைத்தல் மாந்தர்க்கு இயல்பாய் அமைந்த அவாக்களுள் ஒன்று. சிறுவர் கடற்கரையிற் கிளிஞ்சில் பொறுக்குகின்றனர். மாணவர் அஞ்சல் தலை சேர்க்கின்றனர். செல்வர் பழம் நாணயமும் ஓவியமும் விலை கொடுத்து வாங்குகின்றனர். எம்மைப் பற்றிய விருப்பமோ எம் தோழர்க்கு வியப்பைத் தருவது. பாரசீகத்தின் கீழ்ப்பாலும் ஆப்கானியத்தின் மேல்பாலும் வாழும் பலூச்சியர் பண்டு நெய்த கம்பளங்களின்மீது எம் உள்ளம் சென்றுவிட்டது. “தமிழ் பயில்வார்க்குக் கம்பளம் எற்றுக்கு?” என்று நண்பர் நகையாடுவர். அவ்வினாவிற்கு விடையிறுக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கம்பளம் என்றதும் மாளிகைக் கூடத்தை நிறைத்துக் கிடக்கும் இரத்தினக் கம்பளமே பலர் நினைவிற்கு வரும். பலூச்சியர் கம்பளம் அத்தகையதன்று. அஃது அரண்மனைக்கென நெய்யப்பட்டதன்று, கூடாரத்திற்கென நெய்யப்பட்டது. புல்லும் நீரும் உள்ள இடம் நாடி மந்தையோடு பெயர்ந்து வாழ்ந்த மக்கட்குப் பெட்டி ஏது? அலமாரி ஏது? அவர்தம் உடைமை அனைத்தும் நெய்த பைகளிலேயே அடங்கின. சுமை விலங்கின் முதுகில் இருபுறமும் தொங்கும் ‘கோர்ஜின்’ என்னும் இரட்டைப் பொதிப்பை ஒன்று. உடைகளைத் திணித்தால் சாய்ந்துகொள்ளத் திண்டாகும் ‘பாலிஷ்ட்’ என்னும் நீண்ட பை ஒன்று. குறுகிய கழுத்துடைய உப்புப் பை ஒன்று. உண்ணும்போது விரிக்கும் ‘சுஃப்ரே’ ஒன்று. தொழுகைக்குரிய சிறு விரிப்பு ஒன்று. இவையெல்லாம் நாளும் கையாண்டு தேய்ந்த வீட்டுப் பொருள்கள். இவற்றையே இன்று உலகத்தார் அரும்பொருள் எனத் தேடுகின்றனர்.

‘பலூச்சி’ என்பது வணிகர் வழங்கிய பொதுப்பெயர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பலூச்சித்தானத்திற் பெரிதும் நெய்யப்படுவது மயிர் எழும்பாத தட்டை நெசவே. பலூச்சிக் கம்பளம் எனச் சந்தைக்கு வருவன பெரும்பாலும் பாரசீகத்துக் குராசானத்திலும், சீஸ்தானத்திலும், ஆப்கானியத்து ஹெராத் நகரைச் சூழ்ந்த நிலத்திலும் தோன்றியவை. நெய்தவருட் பலூச்சியரேயன்றித் தைமூரியர், தைமானியர் முதலிய பிற குடியினரும், அவ்வட்டாரத்து அராபியரும் குர்துகளும் உளர். மஷ்ஹத் நகரத்து வணிகர் இவர்தம் பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே பெயரிட்டு விற்றனர். இங்ஙனம் பல குடிகளின் பெயர் ஒரு பெயருள் மறைந்தது.

தமிழ் மாணவராகிய எமக்கு அந்நாட்டின்பாற் பற்று உண்டாதற்கு வேறொரு காரணமும் உண்டு. பலூச்சித்தானத்துக் கலாத்துப் பகுதியிற் பலூச்சியரோடு கலந்து வாழும் பிராகூயியர் பேசும் மொழி திராவிடக் குடும்பத்தது. கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் அம்மொழியைக் குறித்துப் பேசுகின்றார். டெனிஸ் பிரே என்பார் 1909-இல் அதன் இலக்கணத்தை விரிவாக வெளியிட்டார். கண்ணைக் குறிக்கும் சொல்லும், கல்லைக் குறிக்கும் சொல்லும், பாலைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் நம் சொற்களோடு உறவுடையன. இதனால் அக்கம்பளங்கட்கும் தமிழர்க்கும் தொடர்பு கற்பிக்க யாம் முந்தவில்லை. அத்துணைத் தொலைவிலும் நம் மொழியின் உறவு ஒன்று உளது என்று அறிந்தபின், அந்நிலம் எமக்கு முற்றும் அயலாகத் தோன்றவில்லை, அவ்வளவே.

இனி, அவை நெய்யப்பட்ட முறையைக் காண்போம். நெய்பவர் பெண்டிர். தரையில் நான்கு முளைகளை அறைந்து, அவற்றில் இரு விட்டங்களைப் பிணித்துப் பாவு நீட்டுவர், அதுவே தறி. கூட்டம் இடம் பெயருங்கால் முளைகளைப் பிடுங்கி, பாதி நெய்த கம்பளத்தை விட்டத்தோடு சுருட்டிக்கொண்டு செல்வர். அடுத்த தங்குமிடத்தில் மீண்டும் விரிப்பர். அதனாற் பழங்கம்பளங்களின் ஓரம் ஓரிடத்து அகன்றும் ஓரிடத்துக் குறுகியும் காணப்படும். பாவும் ஊடையும் முடிச்சும் பெரும்பாலும் செம்மறியாட்டு மயிரே. ஓரங்களை மட்டும் உறுதிக்காக வெள்ளாட்டு மயிராற் சுற்றிக் கட்டுவதுண்டு. மூன்றடி அகலமும் ஐந்தடி நீளமும் உள்ள ஒரு விரிப்பில் அங்குலச் சதுரத்திற்கு 80 முடிச்சு எனக் கொள்வோமாயின், மொத்தம் 1,72,800 முடிச்சுகள் ஆகின்றன. அத்தனையும் விரலால் ஒவ்வொன்றாக இட்டவை. அதுவும் சமைத்து, நீர் சுமந்து, மகவைப் பேணி எஞ்சிய பொழுதில் இட்டவை.

நிறங்களோ அடங்கியவை. மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரால் வந்த ஆழ்ந்த சிவப்பு, அவுரியால் வந்த இருண்ட நீலம், கபிலம், கருமை, இடையிடையே நட்சத்திரம்போற் சிறிது வெண்மை. தொழுகை விரிப்புகளிற் பல ஒட்டக நிறத்து நிலத்தின்மீது ஒரு மரத்தைக் காட்டும். முற்பார்வையில் ஒன்றும் தோன்றாது. வெயிலிற் கொண்டுவந்து நோக்கினால் சிவப்பினுள்ளே வேறொரு சிவப்பும், நீலத்தினுள்ளே பசுமையும் மெல்லெனப் புலப்படும். கருநிறத்திற்கு இரும்புச் சத்துச் சேர்ப்பதால் அவ்விழைகள் காலப்போக்கில் அரிக்கப்பட்டுத் தாழும். ஏனைய நிறங்கள் செதுக்கி வைத்தாற்போல் மேலெழுந்து நிற்கும். காலமே இங்குச் சிற்பியாகின்றது.

இவ்விருப்பம் எம்மை வந்தடைந்த வரலாறு சுருங்கியது. எம் தாய்மாமனார் மஸ்கத்தில் ஒரு கப்பற் கணக்கலுவலகத்திற் பல்லாண்டு பணி செய்தவர். ஓமானிற் பலூச்சியர் மிகுதியாக வாழ்கின்றனர். மக்ரான் கரையிலுள்ள குவாதர்த் துறைமுகம் 1958 வரையில் ஓமானுக்கே உரியதாயிருந்தது. மாமனார் மத்ரா அங்காடியில் ஒரு பழைய இரட்டைப் பொதிப்பையை வாங்கி, ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, “தம்பி, நீ பழம்பொருளைப் போற்றுகின்றவன், இதனை வைத்துக்கொள்” என்று எம்மிடம் தந்தார். அப்பை ஒன்றே எம் தொகுப்பு முழுதும். ஆயினும் அவ்வொன்றை அறிதற்பொருட்டு, நூல்களிலும் அருங்காட்சியகங்கள் வெளியிட்ட படங்களிலும் நூற்றுக்கணக்கான கம்பளங்களைக் கண்ணாற் சேர்த்துள்ளோம்.

தொகுப்போர் கலை தனிக்கலை. அவர் முதலிற் பார்ப்பது கம்பளத்தின் முகத்தையன்று, முதுகையே. முடிச்சு எவ்வாறு இடப்பட்டது, ஊடை எத்தனை இழை, ஓரம் எங்ஙனம் முடிந்தது என்பவற்றை முதுகு மறையாது உரைக்கும். பின்னர் மயிரைப் பிரித்து, நுனியின் நிறமும் அடியின் நிறமும் ஒத்துள்ளனவா என நோக்குவர். நுனி மிக வெளுத்து அடி மட்டும் பளிச்சிடுமாயின் ஆலைச் சாயமோ என ஐயுறுவர். ஈர வெண்துணியால் தேய்த்து நிறம் கசிகின்றதா எனச் சோதிப்பர். 1856-இல் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டபின், அத்தகைய சாயங்கள் சில பதிற்றாண்டுகளிற் கூடாரங்கள்வரை சென்று சேர்ந்தன. ஆதலின் சாயம் காலத்தை அறிதற்கு ஒரு சான்றாகின்றது.

நெடுங்காலம் வணிகர் இக்கம்பளங்களை மலிவுச் சரக்காகவே எண்ணினர். 1976-இல் பிளாக், லவ்லெஸ் என்னும் இருவரும் இலண்டனில் வெளியிட்ட நூலும், 1989-இல் பௌச்சர் வெளியிட்ட நூலும் இவற்றின் அழகைப் பலர்க்கும் காட்டின. மதிப்பு உயர்ந்தது. உயர்ந்தவுடன் ஒரு தீங்கு பெருகிற்று. இரட்டைப் பையின் முகங்கள் இரண்டையும் அறுத்துத் தனித்தனியே விற்பர். பின்புறத்துத் தட்டை நெசவையும், வாயைப் பூட்டும் கண்ணிகளையும் வெட்டி எறிந்து, முகத்தை மட்டும் சுவரில் தொங்கவிடும் சதுரமாக்குவர். இன்று தொகுப்புகளிற் காணும் சதுரத் துண்டுகளிற் பல இவ்வாறு பையாயிருந்து பிரிந்தவையே.

அவ்விடர் எம் இல்லத்திற்கும் வந்தது. சென்ற ஆண்டு பழம்பொருள் வாங்குவார் ஒருவர் எம் பையைக் கண்டு, எம் ஓராண்டுக் கல்விக் கட்டணத்திற்குப் போதுமான தொகை தருவதாக மொழிந்தார். ஒரு முகம் பழுதின்றி இருந்தது. மற்றொன்றில் ஓரம் பூச்சி அரித்திருந்தது. நன்முகத்தை மட்டும் வெட்டித் தந்தாற் போதும் என்றார். எம் தந்தையார் வருவாய் சிறிது. தங்கையின் படிப்பும் முன் நின்றது. இரண்டு நாள் வீட்டில் இதுவே பேச்சாயிருந்தது. தந்தையார் எம்மை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமையே எமக்குப் பெருஞ்சுமையாயிற்று.

எம் பாட்டியார் பனையோலைப் பெட்டி முடைவதில் வல்லவர். எழுத்தறியாதவர், கம்பள நூல் எதனையும் கேட்டறியாதவர். அவர் பையை மடியில் இட்டு, முதலில் அதன் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். தொகுப்போர் பல்லாண்டு பயின்று பெறும் வழக்கம் அவர் கைக்கு இயல்பாய் இருந்தது. சிவப்பு ஓரிடத்திற் சற்றே வேறு சிவப்பாக மாறியிருப்பதை விரலால் தடவி, “இந்த இடத்திலே இவளுக்கு நூல் தீர்ந்துபோயிற்று, பிறகு காய்ச்சின சாயம் முந்தினதோடு ஒத்து வரவில்லை” என்றார். பாரசீகத்தார் ‘அப்ராஷ்’ எனப் பெயரிட்டு வழங்கும் நிறமாற்றம் அதுவே. பின்னர், “பெட்டியையும் மூடியையும் பிரித்து விற்பார் உண்டோ? விற்பதாயின் முழுதாய் விற்க, அறுக்க வேண்டா” என்று முடித்தார். முழுதாய் வாங்க வந்தவர் இசையவில்லை. கட்டணத்தை மூன்று தவணையாகச் செலுத்தினோம். பை முழுதாகவே இருக்கின்றது.

இங்ஙனம் காத்தோம் என்று யாம் செருக்குற இடமில்லை. 1979-இல் சோவியத்துப் படை ஆப்கானியத்துட் புகுந்தபின், இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து பெஷாவரிலும் குவெட்டாவிலும் தஞ்சம் புகுந்தனர். அவர் சுமந்து வந்தவற்றுட் பாட்டி நெய்த பையும் தாய் நெய்த விரிப்பும் இருந்தன. அவை அரிசிக்கும் மருந்துக்கும் விலையாயின. மேல்நாட்டுத் தொகுப்புகள் அந்நாளிற் பெருகின. நெய்தவருட் சிலர் புதுக்கம்பளங்களிற் பூவும் பறவையும் இருந்த இடத்திற் பீரங்கி வண்டியையும் ஹெலிகாப்டரையும் துப்பாக்கியையும் நெய்தனர். தாம் கண்டதை அவர் நெய்தனர், அவ்வளவே. பிறர் வறுமையின் வாயிலாக வந்த அழகைக் கையில் ஏந்துங்கால், அதன் பாரமும் உடன் வருகின்றது. எம் பை எவ்வில்லத்தினின்று எந்நெருக்கடியிற் புறப்பட்டதோ! அதனை விலைக்கு விட்டவள் அழுதிருப்பாளோ! அவ்வெண்ணத்தை விலக்கிவிட்டுக் கம்பளத்தை மட்டும் போற்றுதல் அறமாகாது.

அருங்காட்சியகத்துச் சீட்டுகளில் ‘பலூச்சி, குராசான், 19-ஆம் நூற்றாண்டு’ என்று காண்கின்றோம். வாங்கியவர் பெயரும் வழங்கியவர் பெயரும் சில சீட்டுகளில் உண்டு. நெய்தவள் பெயர் இல்லை. இதனைக் காணுந்தோறும் எமக்குக் குறுந்தொகை நினைவிற்கு வரும். அந்நூலிற் புலவர் சிலருடைய இயற்பெயர் மறைந்துபோயிற்று. தொகுத்தோர் அவரைப் பெயரிலியாக விட்டாரல்லர். அவர்தம் பாட்டில் வந்த தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினர். எவர் இயற்றினார் என்பது தெரியாவிடினும், இயற்றியவர் ஒருவர் உளர் என்பதை அவர் மறக்கவில்லை. தொகுத்தல் என்னும் தொழிலுக்கு இதனினும் சிறந்த முறை யாம் அறியோம்.

நண்பர் வினாவிற்கு விடை இதுவே. தமிழ் பயிலும் எமக்குக் கம்பளம் கற்பித்தது பெரிது. பொருளை முழுதாய் வைத்தல், முதுகைப் புரட்டிப் படித்தல், ஆக்கியோரை மறவாமை என்னும் மூன்றும் ஏட்டிற்கும் ஒக்கும், கம்பளத்திற்கும் ஒக்கும். எம் பையோடு ஒரு சீட்டை வைத்துள்ளோம். வாங்கிய இடம், கொணர்ந்தவர் பெயர், பழுதுற்ற ஓரம், நிறம் மாறிய இடம் ஆகியவற்றை அதில் எழுதினோம். நெய்தவள் பெயரை எழுத வழியில்லாமையின், பாட்டியார் காட்டிய குறியையே பெயராகக் கொண்டு, ‘இருசிவப்பாள்’ என்று எழுதினோம். தோழர்களே! உங்கள் இல்லத்துப் பரணிலும் யாரோ ஒருத்தியின் கைவினை முழுதாய்க் கிடக்கலாம். அதனை விற்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வாழ்க பெயரறியா நெசவாட்டியர்!