பெயர் சொல்லாத பாட்டு

நவம்பர் 2, ராயப்பன்பட்டி

கல்லறைத் திருநாள். பெரியவர்களின் கல்லறைகளுக்கு நடுவே முழங்கை நீளத்தில் சில மண்மேடுகள். அவற்றின்மேலும் செவ்வந்தி, மெழுகுவத்தி. ஒன்றின்மேல் பிஸ்கட் பொட்டலம்.

பழைய லத்தீன் சடங்கில், புத்தி விவரம் வராத வயதில் இறந்த ஞானஸ்நானக் குழந்தைக்குக் கறுப்பு உடுப்பு இல்லை, குருவானவருக்கு வெள்ளைதான். துக்க மணி கிடையாது. அடித்தாலும் கொண்டாட்ட மணி. பாடுவதும் புகழ்ச்சிச் சங்கீதம். பிள்ளை நேரே மோட்சம் போய்விட்டது, அழுவானேன் என்ற கணக்கு. வாசலில் வைக்கும் ஒப்பாரி அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. கொலுசு, தொட்டில், பாலாடை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அழும்.

நவம்பர் 5, பெரியகுளம்

1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனுக்குப் பெரியகுளமும் ஒரு நிலையம். சமவெளியின் நோய்களுக்குத் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த மிஷனரிகள், 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அப்போது மலையேறும் வழி இந்தப் பக்கம்தான்.

அதே மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் உண்டு. அதற்கு முன்னால் ஆலயங்களில் பெரும்பாலும் மேல்நாட்டு மெட்டுக்குள் தமிழை மடக்கிப் போட்ட ஞானப்பாட்டுகள்தான். கீர்த்தனையில் ஒரு வசதி: சொல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, ராகம் தன்பாட்டுக்கு அழலாம்.

நவம்பர் 22, தேனி

1873இல் இதே நாளில் அட்லாண்டிக்கில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் மூழ்கியது. சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் நான்கு மகள்களும் போனார்கள். மனைவி ஆனா பிழைத்தார். பின்னர் ஸ்பாஃபோர்ட் எழுதிய பாட்டை உலகமே துக்க வீடுகளில் பாடுகிறது. அதில் மகள்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கடலலைகூட உவமையாகத்தான் வருகிறது. சபை முழுக்கப் பாட வேண்டுமானால் பிள்ளையின் பெயரை விட்டுவிடத்தான் வேண்டும் போலும்.

ஜெர்மானியப் பாவலர் பால் கெர்ஹார்ட் வேறு மாதிரி. 1650இல் பெர்லினில் ஒரு குருவின் மகன் இறந்தபோது, அந்தத் தகப்பன் பேசுவதாகவே எழுதினார்: பிள்ளை என்னுடையதுதான், ஆனாலும் அதன்மேல் உரிமை அதிகம் ஆண்டவருக்கே. அப்போது கெர்ஹார்ட்டுக்குக் கல்யாணமே ஆகவில்லை. 1655இல் ஆனது. பிறந்த ஐந்தில் நான்கைப் புதைத்தார்.

நவம்பர் 24, சின்னமனூர்

ஒரு துக்க வீடு. மூன்று வயதுப் பிள்ளை.

"எதைப் பாடட்டும்மா?" என்று கேட்டார் உபதேசியார். பதில் இல்லை. அவராகவே ஒரு கீர்த்தனையை எடுத்தார். பெண்கள் கூடப் பாடினார்கள். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில், தாய் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் சரணத்துக்கு உபதேசியார் கொஞ்சம் அதிகமாகவே இடைவெளி விட்டார்.