தோளுக்கு ஏற்ற ராட்

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கடையில் 12 வெயிட் ஃப்ளை ராடைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் வாங்கவில்லை என்று அத்தானிடம் சொன்னாயாம், அதுவரை நிம்மதி. போன குளிர்காலத்தில் வாசலில் பனி வாரிப் போட்டுத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, சட்டை மாட்டவே தவித்தவன் நீ. அந்தத் தோளோடு 12 வெயிட் எதற்கடா?

9 அடி நீளத்தில் 10 வெயிட் போதும். மஸ்கி பெரிய மீன்தான், ஆனால் உன்னை அசர வைப்பது மீன் இல்லை, வீச்சு. சாண் நீளத்துக்குக் குறையாத ஃப்ளை, மான்வால் மயிரும் இறகும் நனைந்து கனத்துக் கிடக்கும். அதை நாள் முழுக்க வீச வேண்டும். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று விஸ்கான்சினில் சொல்வதைக் கேட்டிருப்பாய். அவ்வளவு மோசமில்லை என்றாலும், மீனையே பார்க்காமல் கரையேறும் நாட்கள்தான் அதிகம். பொழுது சாயும் நேரம் மஸ்கி பிடிக்க நல்ல நேரம். அப்போது உன் கையில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், அதுதான் என் கவலை. காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில் ராட்சச ஃப்ளைகளை வீச 11 கொஞ்சம் சுலபம். அது பிறகு பார்க்கலாம்.

ராடிலேயே பணத்தை எல்லாம் கொட்டிவிடாதே. ஸ்பின்னிங்கில் இரையின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே லைனின் கனம்தான் ஃப்ளையைச் சுமந்து போகிறது. ராடில் போட்டிருக்கும் எண்ணே லைனின் கணக்குதான்: 10 வெயிட் என்றால் முதல் 30 அடி சுமார் 280 கிரெய்ன். மஸ்கிக்கென்று வரும் லைன்களில் முன்பக்கத்தைக் குட்டையாக, இன்னும் கனமாகச் செய்கிறார்கள். 10 வெயிட் என்று எழுதியிருப்பதே 400 கிரெய்ன் வரை போகும். அதனால் அட்டைப்பெட்டியில் எண்ணை மட்டும் பார்க்காமல் கிரெய்னையும் படி. கனமான தலை இருந்தால் ஒன்றிரண்டு முன்பின் வீச்சிலேயே லைன் பறந்துவிடும், தோளுக்கும் ஓய்வு.

முதலில் இன்டர்மீடியட் லைன் வாங்கு. மெதுவாக அமிழும், நமேககான் ஆற்றுக்கும் களைச்செடி ஓரங்களுக்கும் சரி. அடுத்து வேகமாக மூழ்கும் லைன் ஒன்று, இலையுதிர் காலத்தில் சிப்பெவா ஃப்ளோவேஜின் ஆழங்களுக்கு. மிதக்கும் லைனுக்கு அவசரமில்லை. ரீலுக்கும் அதிகம் செலவழிக்காதே, மஸ்கியைப் பெரும்பாலும் கையால் லைனை இழுத்தேதான் கொண்டுவருகிறோம்.

கடையில் ராடை ஆட்டிப் பார்த்தாயே, அடிப்பிடியைப் பார்த்தாயா? அது நீளமாக இருக்க வேண்டும். ஃப்ளையைத் துரத்திக்கொண்டு படகு வரைக்கும் வந்து, கடிக்காமல் நின்று பார்க்கும் மீன் இது. அப்போது ராடின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, எட்டு போட வேண்டும். வளைவு அகலமாக இருக்கட்டும், அத்தனை நீள உடம்பு திரும்ப இடம் வேண்டுமே. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இதைச் செய், மீன் கண்ணில் படாவிட்டாலும். சோம்பேறித்தனம் செய்தால் திட்டுவேன்.

இதற்காகத்தான் லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் லீடர் நாலைந்து அடிக்கு மேல் வேண்டாம் என்கிறேன். நீளமாக இருந்தால் முடிச்சு நுனி வளையத்தில் வந்து சிக்கிக்கொள்ளும். கடைசி ஒரு அடி கம்பியோ, 100 பவுண்டு ஃப்ளோரோகார்பனோ இருக்கட்டும், அந்தப் பல்லுக்கு முன் மற்றது நிற்காது. கடித்ததும் ட்ரவுட்டுக்குத் தூக்குவதுபோல் ராடைத் தூக்கிவிடாதே. கை லைனை இறுக்கி இழுக்கட்டும், இழுத்த பிறகும் இழு. எலும்பு வாய், முள் சுலபத்தில் இறங்காது.

பெரிய ரப்பர் வலையும், நீளமான குறடும், முள்ளையே வெட்டும் கட்டரும் இல்லாமல் படகில் ஏறாதே. மீன் உன் கையில் வெகு நேரம் இருக்கக் கூடாது. தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கிக்குப் போகவே வேண்டாம். அந்தச் சூட்டில் போராடிய மீனை விட்டாலும் பிழைப்பது கஷ்டம், எனக்கு மனசு தாங்காது.

அம்மாவிடம் நீ பேசி வெகு நாளாயிற்றாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, தோள்வலியை மறைக்காமல் சொல்.

ஜூனில் மேடிசனிலிருந்து கிளம்பும்போது எதையும் வாங்காமல் வா. என் 10 வெயிட்டும் அத்தானின் 11-ம் இங்கே ஹேவர்டில் இருக்கின்றன. ஒரே ஃப்ளையைக் கட்டி, இரண்டையும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று வீசிப் பார்ப்போம். மறுநாள் காலை உன் தோள் என்ன சொல்கிறதோ, அதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம்.

அன்புடன்,
அக்கா