விரல் அறிந்த குறை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது சிறிது தயங்கினேன். என்னுடன் கற்றோர் பலர் வைத்தியராயும் நியாயவாதியாயும் ஆசிரியராயும் சிறந்தனர். நானோ சிறு விமானங்களின் எஞ்சினுக்கு எரிபொருளும் எண்ணெயும் கொண்டுசெல்லும் குழாய்களைச் சோதிப்பதிலும் மாற்றுவதிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆயினும் அத்தொழிலில் நான் செய்த பிழையொன்று இன்று கற்கும் இளைஞர்க்குப் பயன்படுமென்று எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை என் ஊர். கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர் அது. என் வாப்பாவும் நெசவாளரே. நெய்து முடித்த சாரத்தைக் கண்களை மூடிக்கொண்டு விரல்களால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். “கண்ணுக்கு நிறந்தான் தெரியும் மகன், இழையின் குறை விரலுக்குத்தான் தெரியும்” என்பார். கல்லூரி விடுதியிலிருந்து கணிதமும் பௌதிகமும் கற்றபோது இச்சொல்லை நான் பெரிதாக மதித்தேனல்லேன். அதன் பெறுமதியை விமானக் கொட்டகையில்தான் அறிந்தேன்.

பறப்புப் பயிற்சிக்கு உலகெங்கும் பயன்பட்டுவரும் செஸ்னா 152 என்னும் ஈராசன விமானத்தின் எஞ்சின் ஏறத்தாழ ஐந்தரை லீற்றர் எண்ணெயே கொள்வது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் அது முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். எஞ்சினும் இறுகி நின்றுவிடும். எரிபொருட் குழாய் கசிந்தாலோ, கொதிக்கும் புகைக்குழாயின் அருகே பெற்றோல் சொட்டும். இதன் பொருட்டே கண்ணாடி இழையால் நெய்து சிலிக்கோன் பூசிய செந்நிறத் தீக்காப்புறையைக் குழாய்களுக்கு அணிவிக்கின்றனர். ஏறக்குறைய 1,100 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சுவாலையை 15 நிமிடம் தாங்குவதே ‘தீப்புகா’க் குழாய்க்குரிய அளவுகோல். ஆனால் காக்கும் அவ்வுறையே குறையை மறைத்தும் விடுகிறது. உள்ளே இறப்பர் வெப்பத்தால் இறுகி வெடிப்பதை வெளியிலிருந்து காணவியலாது.

ஆகவேதான் எஞ்சின் அறையிலுள்ள இறப்பர்க் குழாய்களை 5 ஆண்டுக்கொருமுறையோ, எஞ்சினை முற்றாகப் பிரித்துச் செப்பனிடும்போதோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றுமாறு செஸ்னாவின் கைந்நூல் விதிக்கிறது. குழாய் பிறந்த காலாண்டும் ஆண்டும் அதன்மேற் பொறிக்கப்பட்டிருக்கும்.

இவையெல்லாம் நான் அறிந்தவையே. ஆயினும் ஒருநாள், நூறு மணிநேரச் சோதனையின்போது, எண்ணெய்க் குளிராக்கிக்குச் செல்லும் குழாயொன்று ஆறாண்டு கடந்ததாயிருக்கக் கண்டேன். தடவினேன், விறகுபோல் இறுகியிருந்தது. ஆனால் வெளியே ஒரு துளி எண்ணெயும் இல்லை. களஞ்சியத்திற் புதிய குழாயும் இல்லை. மறுநாட் காலை மாணவர் ஒருவரின் பறப்புக்கு அவ்விமானம் வேண்டியிருந்தது. எவரும் என்னை வற்புறுத்தவில்லை. ‘அடுத்த சோதனையிற் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எனக்கு நானே கூறிக்கொண்டு கையொப்பமிட்டேன்.

மறுநாள் விமானம் ஏறி அரைமணி நேரத்தில் எண்ணெயழுத்தமானியின் முள் தாழத் தொடங்கிற்று. ஆசிரியர் உடனே வேகத்தைக் குறைத்துத் தளத்திற்குத் திரும்பி இறக்கினார். விமானத்தின் அடிவயிறு முழுவதும் கரிய எண்ணெய். அளவுகோலை இட்டுப் பார்த்தேன். ஒரு லீற்றர் எஞ்சியிருந்தால் அதிகம். இறங்கிவந்த அம்மாணவர் என் கையைப் பற்றி, “எஞ்சின் நன்றாகத் தாங்கியது அண்ணன், உங்கள் வேலை திறமானது” என்றார். வாழ்நாளில் நான் பெற்ற பாராட்டுகளுள் என்னைச் சுட்டது அதுவொன்றே. அக்கணமே தலைமைப் பொறியியலாளரிடம் சென்று உண்மையைக் கூறினேன். உறையை அறுத்துப் பார்த்தோம். பொருத்தின் அருகே நீளவாட்டில் ஒரு வெடிப்பு. சில மாதங்கள் கையொப்பமிடும் உரிமையை இழந்தேன். அது நீதியே.

அன்று முதல் அவசரம் என்னை ஆண்டதில்லை. புதிய குழாயைக் காற்றூதித் துப்புரவாக்கி, ஒளிக்கு நேரே பிடித்து உட்புறம் நோக்கி, அழுத்தச் சோதனை செய்தபின்னரே பொருத்துவேன். அழுத்தத்தில் குழாய் நூற்றுக்கு 4 வரை குறுகலாம். எனவே சிறிது தளர்வு விடல் வேண்டும். குழாயின் மேலோடும் நேர்கோடு முறுக்கேறித் திருகியிருந்தால் அவிழ்த்து மீளப் பூட்டல் வேண்டும். விமானப் பெற்றோலின் நீலக்கறை எங்கேனும் தென்படின் அதன் மூலத்தைக் காணுமளவும் விடலாகாது. டெஃப்லோன் குழாயில் மற்றோர் எச்சரிக்கை உண்டு. நெடுங்காலம் வளைந்திருந்த அதனைச் சோதிப்பதாக எண்ணி நிமிர்த்தினால் நம் கையாலேயே அது பழுதாகும். தொடவேண்டிய இடத்தையும் தொடலாகாத இடத்தையும் அறிவதே சோதனை.

ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின் மாலைகளில் கடற்கரைக்குச் செல்வேன். 2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அள்ளிச்சென்ற கரை அது. அங்கே தோணிகளின் எஞ்சினுக்கும் தாங்கியிலிருந்து ஓர் இறப்பர்க் குழாயே எரிபொருள் கொண்டுசெல்கிறது. வெயிலும் உப்புக்காற்றும் அதனைத் தின்கின்றன. என் மருமகனின் தோணியிற் குழாயைத் தடவிவிட்டு, “மாற்றிவிடு மகன்” என்றேன். “கசியவில்லையே மாமா!” என்றான். நானும் ஒருகால் அப்படித்தான் எண்ணினேன் என்று கூறி, மேலே எழுதிய கதையைச் சொன்னேன். மறுநாள் கல்முனைக் கடையிற் புதிய குழாய் வாங்கிவந்தான்.

மாணவத் தம்பிகளே! நீங்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும் ஒருநாள் ஒரு தாளில் கையொப்பமிடுவீர்கள். அதனை நம்பி, நீங்கள் அறியாத ஒருவர் தம் உயிரை ஒப்படைப்பார். நேற்றுக் கசியாதிருந்தது நாளை கசியாதென்பதற்குச் சாட்சியன்று. உங்கள் விரல் குறையென்று கூறினால், பேனாவைக் கீழே வையுங்கள்.

நம் கல்லூரித் தாய் நீடு வாழ்க!