பெங்களூரில் ஒரு சிறு கடல்

பெங்களூர் கடலறியாத ஊர். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், சென்னையிலிருந்து இரயில் வழியே சுமார் 360 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது. இங்கே குடியேறிய நம்மவர்க்குக் கடல் என்பது விடுமுறையில் ஊர் செல்லும்போது மட்டும் கிட்டும் காட்சி. அக்கடலில் ஒரு துளியைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்துக் கூடத்தில் வைத்திருக்கும் இல்லங்கள் இந்நகரில் இன்று உண்டு. அவற்றுள் சிலவற்றைக் கண்டு, கேட்டு அறிந்தவற்றை நம் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே மீன்காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்படும் வரை, வாயிலிலேயே கடல் இருந்தமையால் நீருக்குக் குறைவில்லை. பெங்களூரில் அவ்வசதி ஏது? கப்பன் பூங்காவை ஒட்டி 1983-ல் அரசு மீன்காட்சிச்சாலை எழுந்தது. நகர இரயில் நிலையத்தில் 2021 ஜூலையில் குகைவழி போன்ற மீன்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. அது நன்னீர் மீன்களுக்கென அமைந்தது. உப்புநீர் மீன் வேண்டுவோர் இவ்வூரில் முதலில் கடலையே தாமாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அதுவும் எளிதன்று. நூறு லிட்டர் கடல்நீர் செய்ய மூன்றரைக் கிலோ உப்பு வேண்டும். சமையலறை உப்பு உதவாது. மக்னீசியம், கால்சியம் முதலியன கலந்த தனி உப்பைக் கடையில் வாங்குகின்றனர். குழாயில் வருவது சுமார் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேட்டிற்கு ஏற்றிக் கொணரப்படும் காவிரி நீர். அதிலுள்ள குளோரின் நமக்கு நன்மை, மீனுக்கு நஞ்சு. ஆகவே அதனைப் போக்கிய பின்னரே உப்பைக் கரைக்கின்றனர். மார்கழி இரவுகளில் இங்கு 15 பாகைக்கும் குளிர் இறங்குவதால், வெப்பக் கடல் மீனுக்கு மின்சூடேற்றியும் தேவை. இத்தனையும் செய்த பின், கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகும் வரை நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் தங்கமீன் வளர்ப்பதே மேல் என்பது என் கருத்து.

ஆயினும் நீரைவிடப் பெரிய சிக்கல் உணவு. என்னுடன் பணிபுரியும் நண்பர் எண்பது லிட்டர்த் தொட்டி ஒன்று வைத்தார். நகரின் ஒரு கடையில் மாண்டரின் என்னும் மீனைக் கண்டு அவருடைய மகள் மயங்கிவிட்டாள். நீலப் பட்டில் செம்மஞ்சள் கோலம் இழைத்தாற்போன்ற அம்மீனின் அழகைக் கண்டால் எவரும் மயங்குவர். “போட்டதைத் தின்னும்” என்றார் கடைக்காரர். அது போட்டதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாள் முழுதும் கற்களைக் கொத்திக்கொண்டே இருந்தது. ஏதோ உண்கிறது என்றே வீட்டார் நம்பினர். ஐந்தாம் வாரம் வயிறு ஒட்டி, முதுகு கத்தியைப் போல் மெலிந்தது. ஆறாம் வாரம் மாண்டது. அம்மகள் காலையும் மாலையும் தவறாமல் இரை தூவி வந்தாள் என்பதுதான் நெஞ்சை வருத்துவது.

அம்மீன் கொத்தித் தேடியது கோப்பிபாட் என்னும் உயிர்களை. அவை கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் சிறு ஓட்டுயிர்கள். பாறை இடுக்குகளில் பல்கிப் பெருகுபவை. ஒரு மாண்டரின் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் அவற்றைத் தின்றுவிடும். பெரிய தொட்டியில், நிறையப் பாறையும் பல மாத முதிர்ச்சியும் இருந்தால், தின்பதற்கு ஈடாக அவை பெருகும். எண்பது லிட்டரில் சில வாரங்களில் துடைத்தாற்போல் தீர்ந்துவிடும். சரி, வெளியிலிருந்து மிகுதியாக இரை இடுவோம் என்றாலோ, உண்ணாத இரை அழுகி அம்மோனியா பெருகும்; சிறு தொட்டியில் அதனைத் தாங்க நீர் போதாது. தொட்டி சிறுக்கச் சிறுக்க இயற்கை உணவும் குறைகிறது, நாம் இடும் உணவும் நஞ்சாகிறது. சிறு தொட்டிக்காரர் அறியவேண்டிய இடுக்கண் இதுவே.

இன்னும் சில மீன்கள் உள. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல, உயிருள்ள பவளத்தின் மென்தசையை அன்றி வேறெதையும் ஏற்பதில்லை. துப்புரவு மீனோ பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழ்வது. நலமான நான்கு மீன் மட்டும் உள்ள தொட்டியில் அது நோயாளி இல்லாத ஊரில் மருத்துவர் படும் பாட்டைப் படும். கடற்குதிரைக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. உண்டது விரைவில் கழிந்துவிடுவதால் நாளில் பல முறை உயிருள்ள இரை வேண்டும். அதனை வீட்டில் வைக்கும் எண்ணமே கூடாது. மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்குதிரைகளும், பாறை கட்டும் பவளங்களும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. “ஊரிலிருந்து ஒரு பவளக்கல் கொண்டு வாருங்கள்” என்று இராமேசுவரம் செல்வோரிடம் கேட்கும் அன்பர்களும் இதனைக் கருத்திற் கொள்க.

பார்சல் பகுதியில் நான் இருந்த காலத்தில் உயிர்மீன் பெட்டிகள் வந்திறங்கக் கண்டிருக்கிறேன். பையில் நீர் கெடாதிருக்க, அனுப்புமுன் ஓரிரு நாள் மீனைப் பட்டினி போடுவது அத்தொழிலின் வழக்கம். எனவே கடைக்கு வரும்போதே அது பசித்திருக்கிறது. அல்சூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், தம் கண்முன் மூன்று முறை இரை கொத்தாத மீனை வாங்குவதில்லை. விலை பேசுவதற்கு முன்னமே, “இதற்கு இப்போது இரை போடுங்கள், பார்ப்போம்” என்பார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அசையமாட்டார்.

அவர் வீட்டில் இருப்பவை இரண்டு கோமாளி மீன்கள் மட்டுமே. பண்ணையில் பொரித்த இம்மீன்கள் குஞ்சிலேயே மனிதர் இடும் இரைக்குப் பழகியவை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும் இவற்றைப் பொரிக்கச் செய்து காட்டியுள்ளனர். வாரம் இருமுறை அவற்றுக்கு விருந்தாக ஆர்டீமியா பொரிக்கிறார் முதியவர். அடியறுத்துக் கவிழ்த்த புட்டியில் உப்புநீர், அதனுள் காற்றுக்குழாய், ஒரு சிட்டிகை உலர்ந்த முட்டை, அவ்வளவே. மறுநாள் புட்டியின் ஒரு பக்கம் விளக்கைக் காட்டினால், செம்மஞ்சள் குஞ்சுகள் ஒளியை நாடித் திரள்கின்றன. அவற்றைக் குழலால் உறிஞ்சி, நன்னீரில் அலசித் தொட்டியில் விடுகிறார்.

அம்முட்டைகள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தகரங்களில் வருகின்றன. ஆனால் ஆர்டீமியா தூத்துக்குடி உப்பளங்களிலேயே இயல்பாக வாழும் உயிர். கோடை விடுமுறைக்கு அங்கே செல்லும் அன்பர்கள், உப்புப் பாத்திகளின் ஓரம் நின்று ஒரு கை நீரை அள்ளி வெயிலில் பார்த்தால், தலைகீழாக நீந்தும் அச்சிறு உயிர்களைக் கண்ணாலேயே காணலாம்.