மொத்தம் என்னும் கட்டம்

பளுதூக்குதலில் ஒரு கொடிய விதி உண்டு. ஓர் எடையைத் தூக்கத் தவறினால், அடுத்த முயற்சிக்கு அதைக் குறைத்துக் கேட்க இயலாது. அதே எடை, அல்லது அதனினும் கூடுதல். முயற்சிகளோ மூன்றுதான். தவறியவரே மீண்டும் அடுத்து வரவேண்டியிருந்தால் இரண்டு நிமிடம் கிடைக்கும். தன்னைத்தானே ஏசிக்கொள்ள அது தாராளம்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கின் 48 கிலோ பிரிவில் மணிப்பூரின் மீராபாய் சானு ஸ்னாட்சில் 82 கிலோ தூக்கினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 104 தவறியது. 106 இருமுறை தவறியது. மொத்தம் என்னும் கட்டம் வெறுமையாக நின்றது. அதே ஆண்டு தேசியத் தேர்வுப் போட்டியில் அவர் 107 கிலோ தூக்கியிருந்தார் என்பதையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். அன்று குறைந்தது உடல் வலிமை மட்டுமே எனக் கொள்வது கடினம்.

'முடிக்கவில்லை' என்பது ஒரு நாளின் செய்தி. 'முடியாது' என்பது ஓர் ஆளின் மீதான தீர்ப்பு. மனம் முன்னதைப் பின்னதாக மாற்றிக்கொள்ளும் வேகம் வியப்புக்குரியது. ஆய்வு மாணவர்களுக்கு இவ்விலக்கணம் அயலானதன்று: ஓர் அத்தியாயம் திரும்பி வந்ததும் 'எனக்கு எழுதவே வராது' என்றாகிவிடுகிறது. மீராபாயும் விளையாட்டையே விட்டுவிட எண்ணியதைப் பின்னாளில் பேட்டிகளில் கூறியுள்ளார். உளவியல் நிபுணரின் உதவியை நாடினார். அடுத்த ஆண்டே, 2017 நவம்பரில், அனஹைமில் 194 கிலோ தூக்கி உலக வாகையரானார்.

இத்துடன் கதையை முடித்தால் மேடைப் பேச்சுக்கு உதவும். ஆனால், ஸ்னாட்ச் அவரைத் தொடர்ந்து அலைக்கழித்தது. 2020-இல் அமெரிக்காவுக்குச் சென்று உடலியக்க நிபுணர் ஆரன் ஹார்ஷிகிடம் பயின்றபோது தோள்பட்டையின் சமநிலைக் குறை கவனிக்கப்பட்டது, பயிற்சிமுறை மாற்றப்பட்டது. ஐயம் முழுவதும் மனத்தின் பொய்யன்று. அதில் ஒரு பகுதி, தோள் சொல்லிய மெய். 'உன்னால் முடியும்' என்று ஆயிரம் முறை உச்சரித்தாலும் தோள் சீராகாது. தன்னம்பிக்கை நூல்கள் பெரும்பாலும் தொடாத இடம் இது: எந்த ஐயத்தைப் புறந்தள்ளுவது, எந்த ஐயத்திற்குச் செவிசாய்ப்பது என்று பிரித்தறிவது. அதற்கு இன்னொருவரின் கண் தேவைப்படுகிறது. தனியறையில் தன்னுடனேயே வழக்காடும் மனத்திற்கு அப்பிரிவினை எளிதில் வாய்ப்பதில்லை.

2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில், 49 கிலோ பிரிவில், ஸ்னாட்சில் 85 கிலோ இருமுறை தவறியது. எஞ்சியது ஒரே முயற்சி. ரியோவின் வெற்றுக் கட்டம் மீண்டும் எதிரே நின்றது. அவர் ஒரு கிலோவைக் கூட்டி, 86 கேட்டார். தூக்கினார். அதன்பின் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். மூன்று மாதங்கள் கழித்து, டோக்கியோவில் 202 கிலோவுடன் வெள்ளி.

2024-இல் பாரிஸில், கிளீன் அண்ட் ஜெர்க்கின் முதல் முயற்சியில் 111 தவறியது. அதே எடைக்குத் திரும்பி வந்து தூக்கினார். இறுதி முயற்சியில் 114 நழுவியது. வெண்கலம் ஒரே கிலோ வேறுபாட்டில் கைவிட்டுப் போக, நான்காம் இடம். மொத்தம் என்னும் கட்டத்தில் 199 என்று எழுதியிருந்தது.